வாடிய முகங்கள்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், அந்நாட்டு மக்களின் பழைய வாழ்க்கை முறையைக் காட்டும் தேசிய அரும்பொருளகம் ஒன்று உள்ளது. அங்குள்ள பொருள்களுள் ஒரு முகமும் அடங்கும். அதன் தோல் சுருங்கிக் கறுத்திருக்கிறது. கண்கள் குழி விழுந்துள்ளன. திறந்த வாயில் கோணல்மாணலான பற்கள் தெரிகின்றன. மனிதத் தலையைத்தான் பதப்படுத்தி வைத்துவிட்டார்களோ என்று பார்ப்பவர் திடுக்கிடலாம். உண்மையில் அது டர்னிப் கிழங்கில் செதுக்கப்பட்ட ஹாலோவீன் விளக்கு.

ஆண்டுதோறும் அக்டோபர் 31-ஆம் நாள் கொண்டாடப்படும் ஹாலோவீனின் வேர், கெல்ட்டிய மக்களின் ‘சவின்’ திருவிழாவில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில், இறந்தோரின் ஆவிகள் உலவும் என்று மக்கள் நம்பினர். பிற்காலத்தில் அயர்லாந்து மக்கள் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே நெருப்பு வைத்து ஆவிகளை விரட்ட முயன்றனர். டர்னிப் கெட்டியான கிழங்கு. அதைக் குடைவதற்குள் கை வலித்துவிடும். 1840-களின் பெரும்பஞ்சத்தால் அமெரிக்காவுக்குக் குடியேறிய அயர்லாந்து மக்கள், அங்கே பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்த பரங்கிக்காயைப் பயன்படுத்தினர். இன்று உலகம் அறிந்த ஹாலோவீன் முகம் பரங்கிக்காய் முகமே. ஆயினும், அச்சுறுத்துவதில் அது டர்னிப்பின் அருகே நிற்க முடியாது.

இதற்குக் காரணம் செதுக்கியவரின் திறமை மட்டுமன்று. வெட்டப்பட்ட கிழங்கிலிருந்து நீர் மெல்ல வெளியேறுகிறது. சதை சுருங்க, தோல் மடிப்பு மடிப்பாக உள்ளே இழுக்கப்படுகிறது. கன்னம் ஒட்டி, உதடு வற்றி, முதுமையும் மரணமும் ஒன்றாகத் தெரியும் முகம் தானே உருவாகிறது.

வட அமெரிக்காவில் ஆப்பிள் பழத்தைக் கொண்டு இதே முறையில் சூனியக்காரி பொம்மைகள் செய்கின்றனர். தோல் சீவிய பழத்தில் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைச் சற்றுப் பெரிதாகவே செதுக்க வேண்டும். காயும்போது எல்லாம் சிறுத்துவிடும். பழம் அழுகாமலும் நிறம் மிகவும் மாறாமலும் இருக்க, உப்புக் கலந்த எலுமிச்சைச் சாற்றில் அதை ஊற வைக்கின்றனர். பற்களுக்கு அரிசியைப் பதிப்பவர்களும் உண்டு. ஓரிரு வாரங்களில் கிழவியின் முகம் தோன்றிவிடும். ஈரப்பதம் மிகுந்த நம் பகுதியில் வெளியே உலர்த்தினால் கிழவிக்கு முன்பாகப் பூஞ்சை வந்துவிடும்! குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்துவதே நல்லது.

காதணியாகவோ கழுத்துப் பதக்கமாகவோ அணிவதற்குக் காய்ந்த பழம் ஏற்றதன்று. ஆகவே, ஹாலோவீனுக்கு முன்பே நகை செய்யத் தொடங்குவோர் பலர் பாலிமர் களிமண்ணை நாடுகின்றனர். பெயரில் களிமண் இருந்தாலும், இது மென்மையான ஒரு வகை பிளாஸ்டிக். இதில் நீர் இல்லாததால் சூடுபடுத்தினாலும் அவ்வளவாகச் சுருங்காது. கிழங்குக்கு இயற்கை செய்துகொடுத்த வேலை முழுவதையும் இங்கே விரல்களே செய்ய வேண்டும்.

முதலில் அலுமினியத் தாளைக் கசக்கிச் சிறு உருண்டையாக்கி, அதன்மேல் களிமண்ணைப் போர்த்துகின்றனர். இதனால் நகையின் எடை குறைகிறது. கண்குழிகளைப் பேனா மூடியால் அழுத்தி, சுருக்கங்களைப் பல்குத்தும் குச்சியால் கீறுகின்றனர். நகையைக் கோக்கும் துளையையும் அப்போதே போட்டுவிடுவது எளிது. பின்னர், பொட்டலத்தில் குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 130 பாகை செல்சியஸ் அளவில், ஓவனில் வைக்கின்றனர். சூடு மிகுந்தால் களிமண் கருகி நச்சுப்புகை வெளிவரும். எனவே, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஆறிய முகத்தில் பழுப்பு வண்ணத்தைப் பூசி, உடனே துணியால் துடைக்கின்றனர். மேடான இடங்களில் வண்ணம் அகன்று, கீறல்களில் மட்டும் தங்கிவிடுகிறது. அந்த நொடியில் முகத்திற்கு நூறு வயது கூடிவிடும். கடையில் விற்கும் வழவழப்பான வெள்ளை மண்டையோட்டை இதன் பக்கத்தில் வைத்தால், அது மிட்டாய் போலத்தான் தோன்றும்.

அயர்லாந்தின் அந்த டர்னிப் விளக்கு, டோனிகல் மாவட்டத்தின் ஃபின்டவுன் என்னும் ஊரிலிருந்து 1943-இல் அரும்பொருளகத்திற்கு வந்தது. அப்போதே அங்கு அத்தகைய விளக்கைச் செய்யும் வழக்கம் நின்றுபோயிருந்தது. அச்சத்தைத் தந்த அதே சுருக்கம் கிழங்கை விட்டுவைக்கவில்லை. நாளடைவில் அது உதிரும் நிலையை அடைந்தது. ஆகவே, அதன் வடிவத்தை பிளாஸ்டர் வார்ப்பாக எடுத்தனர். இன்று பார்ப்பவரைத் திடுக்கிட வைப்பது அந்த வார்ப்புதான்.