வன்தட்டுத் தொகுதியின் மந்தகதி

ஒரு வன்தட்டு செய்யும் வேலையை நான்கு தட்டுகள் கூடிச் செய்யின் நான்கு மடங்கு விரைவு உண்டாகும் என்பது எவர்க்கும் எளிதில் தோன்றுங் கணக்கு. 1988ஆம் ஆண்டில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கிளையைச் சார்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் அறிஞர் மூவர், விலை குறைந்த சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பெரியதொரு தட்டுக்கு ஈடாக்கும் முறையை விளக்கி, அதற்கு ரெய்டு எனப் பெயரிட்டனர். ஆயினும் அத்தகைய தொகுதியை அமைத்தோர் சிலர், நாளடைவில், ஒற்றைத் தட்டே இதனினும் விரைவாயிருந்ததே என வருந்தக் காண்கின்றோம். இதன் காரணங் கண்டறியும் வழியை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலில் அறியவேண்டுவது, எவ்வகை வாசிப்பு மந்தமாயிற்று என்பது. நிமிஷத்துக்கு 7200 முறை சுழலுந் தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லிவிநாடி ஆகும். வேண்டிய இடம் வாசிக்கும் முனையின்கீழ் வந்துசேரச் சராசரி அதிற் பாதி. முனை தடம்விட்டுத் தடம் பெயர இன்னும் ஏறக்குறைய 8 அல்லது 9. ஆகவே சிதறிக்கிடக்குஞ் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாய் எடுக்குங்கால் விநாடிக்கு எண்பது துண்டுகள் கிடைப்பதே அரிது. துண்டொன்று 4 கிலோபைட் ஆயின், வரவு 320 கிலோபைட் மாத்திரமே. அதே தட்டு தொடர்ச்சியாய் வாசிக்குங்கால் 150 மெகாபைட்டுக்கு மேலுந் தரும். இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாது தட்டைப் பழித்தல் நீதியன்று.

நிற்க. தொடர்ச்சியான வாசிப்பே மந்தமாயின், உறுப்புத் தட்டுகளைத் தனித்தனியே அளத்தல் வேண்டும். கோப்பின் துண்டுகள் எல்லாத் தட்டுகளிலும் பங்கிடப்பட்டிருத்தலின், கடைசித் துண்டு வந்தாலன்றிக் கோப்பு நிறைவுறாது. ஒரு நுகத்திற் பூட்டிய எருதுகளுள் ஒன்று நொண்டினால் வண்டி அதன் நடையிலேதான் செல்லும். லினக்ஸில் ஐஓஸ்டாட் என்னுங் கருவி ஒவ்வொரு தட்டும் விடையளிக்கக் கொள்ளும் நேரத்தைக் காட்டும். மூன்று தட்டுகள் 10 மில்லிவிநாடியிலும், நான்காவது 200இலும் விடையளிப்பின், ஐயத்துக்கு இடமில்லை.

அஃது பெரும்பாலும் கெட்டுவருந் தட்டாம். வாசிக்க இயலாத இடத்தை அது வாய்திறவாது மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். மேஜைக் கணினிக்கென விற்கப்படுந் தட்டு இம்முயற்சியில் நெடுநேரம் போக்கிவிடும். தொகுதிக்கென அமைத்தவை பெரும்பாலும் 7 விநாடியளவில் நிறுத்தித் தவற்றை அறிவிக்க, இழந்த துண்டு ஏனைத் தட்டுகளினின்று கணக்கிடப்படும். ஸ்மார்ட் என்னுந் தற்சோதனைக் குறிப்பில், மாற்றிடம் பெற்ற பகுதிகளின் எண்ணும் மாற்றிடத்துக்குக் காத்திருப்பவற்றின் எண்ணும் வளர்ந்துவரின், தட்டின் அந்திமகாலம் அணுகிற்றென்க. அவை பூஜ்யமாயிருக்கச் சி.ஆர்.சி. பிழைகள் மாத்திரம் ஏறின், குற்றம் பெரும்பாலும் கேபிளினது.

தட்டுகள் யாவும் நலமாயின், பாதையை நோக்குக. ஐந்து தட்டுகள் ஒரே சாட்டா இணைப்பைப் பகிர்ந்துகொள்ளின், அனைத்துக்கும் சேர்ந்து கிடைப்பது 600 மெகாபைட்டே. ஒரு கிகாபிட் வலையமைப்போ 125க்கு மேல் தாராது. டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொகுதிச் சோதனை தானே தொடங்கும். அன்று மந்தம் காண்பது இயல்பு. அதிர்வும் ஒரு காரணமே. 2008ஆம் ஆண்டின் இறுதியில் பிரெண்டன் கிரெக் என்பார் தட்டுகளை நோக்கி உரக்கக் கூவ, அவற்றின் தாமதம் உடனே உயர்ந்ததைத் திரையிற் காட்டினார். நகைப்புக்கிடமாயினும் இஃது உண்மை.

கெட்ட தட்டை அகற்றுமுன் கோப்புகளை வேறிடத்திற் பிரதி செய்துகொள்க. ரெய்டு 5 ஒரு தட்டின் இழப்பையே தாங்கும். அவசரத்தில் நல்ல தட்டை உருவிவிட்டு நொண்டித் தட்டை உள்ளே விட்டால், அதுவும் வீழுங்கால் அனைத்தும் போம். ஆதலின் தட்டின்மேல் அச்சிட்ட வரிசையெண்ணைக் கணினி காட்டும் எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். புதிய தட்டை நிரப்பும் வேலை முடியும்வரை வாசிப்பு முன்னினும் மந்தமாயிருக்கும். பெருந்தட்டாயின் ஒருநாள் முழுவதுங்கூட ஆகலாம். அதன் பின்னரே மறுபடியும் அளந்து பார்க்க.