கடலை வென்ற இளமை: குற்றாலீசுவரனின் நீச்சல் வாழ்வு

திருவண்ணாமலை கடலைக் காணாத ஊர். ஆயினும் நீரை அறியாத ஊர் அன்று. திருக்கோயிலுள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. தீபத் திருநாளை அடுத்துத் தெப்பம் மிதக்கும் அய்யங்குளம் உள்ளது. ஊர்ப்புறத்து ஏரிக்குச் சமுத்திரம் என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். தென்பெண்ணையைத் தேக்கி நிற்கும் சாத்தனூர் அணையும் நெடுந்தொலைவில் இல்லை. உழவர் வீட்டுச் சிறுவர் சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகிய காலத்தைப் பெரியோர் பலர் நினைவுகூர்வர். இத்தகைய உள்நாட்டு ஊரிற் பிறந்த ஒருவர் கடலை வெல்லக்கூடுமோ என்று மாணவர் எவரேனும் ஐயுறின், அந்த ஐயத்தைப் போக்க ஒரு தமிழ்ச் சிறுவரின் வரலாறு போதும்.

குற்றாலீசுவரன் 1981 நவம்பர் 8ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். ஈரோடும் நம் ஊரைப் போலவே கடலைவிட்டு விலகி நிற்பது. சிறுவயதிலேயே நீச்சற்குளத்தில் இறங்கிய அவர், விரைவில் நெடுந்தொலைவு நீச்சலை நாடினார். 1994ஆம் ஆண்டு அவருடைய ஆண்டாயிற்று. அவ்வொரே ஆண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணை, ஆங்கிலக் கால்வாய், இத்தாலியின் மெசினா நீரிணை, அந்நாட்டுத் திரசிமேனோ ஏரி, சன்னோன் தீவுக்கும் சிர்ச்சேயோவுக்கும் இடைப்பட்ட கடல், ஆஸ்திரேலியாவின் ராட்னஸ்ட் கால்வாய் ஆகிய ஆறு நீர்ப்பரப்புகளையும் அவர் நீந்திக் கடந்தார். ஆங்கிலக் கால்வாயை அவர் கடந்தது ஆகஸ்ட் 15ஆம் நாள். நம் விடுதலைத் திருநாள். அன்று அவருக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

இச்செயலின் அருமையை உணர வேண்டுமாயின், இதற்கு முன் நடந்தவற்றை அறிதல் வேண்டும். 1875இல் மாத்யூ வெப் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 22 மணி நேரம் நீந்தி ஆங்கிலக் கால்வாயை முதன்முதலிற் கடந்தார். இந்தியருள் அதனை முதலில் வென்றவர் மிகிர் சென், ஆண்டு 1958. அவரே 1966இல் பாக்கு நீரிணை தொடங்கிப் பனாமா கால்வாய் ஈறாக ஐந்து நீர்வழிகளை ஓராண்டுக்குள் நீந்தி உலகை வியக்க வைத்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் நிலைத்த அந்த அருஞ்செயலையே குற்றாலீசுவரன் ஆறாக உயர்த்தி, கின்னஸ் நூலில் இடம்பெற்றார்.

தமிழருள் இன்னொருவரையும் இங்கு நினைத்தல் கடன். வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். எடுத்துக்கொண்ட காலம் 51 மணி நேரம். அப்பெருவீரர் 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அவர் மறைந்து பத்தாண்டு நிறைந்த அதே ஆகஸ்ட் திங்களில், அதே கால்வாயின் அக்கரையை ஒரு தமிழ்ச் சிறுவர் தொட்டார் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கின்றது.

ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமுடையது. ஆனால் நீந்துபவர் நேர்கோட்டில் செல்ல இயலாது. ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒருமுறை ஓதம் திசை மாறும். அது அவரை ஒருபுறம் இழுத்துச் சென்று, பின்னர் மறுபுறம் தள்ளும். வழி வளைந்து நீளும். கோடையிலும் நீரின் வெப்பநிலை 15 முதல் 18 பாகை செல்சியசு அளவே. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். சிற்றுடலில் கொழுப்புக் குறைவாகையால் சிறுவர் பெரியவரினும் விரைவில் குளிர்ந்துவிடுவர். துணைப்படகு உடன்வரும்; ஆனால் அதனைத் தொட்டால் முயற்சி செல்லாது. உணவையும் நீரையும் நீட்டுவதை மிதந்தபடியே உண்ணவேண்டும். இத்தகைய இடர்களை எண்ணியே, பதினாறு வயது நிரம்பாதாரை இக்கால்வாயைத் தனித்து நீந்திக் கடக்க இன்று ஏற்பதில்லை. எனவே அன்று அவர் செய்ததை அவ்வயதில் இனியொருவர் செய்ய வழியில்லை.

இந்திய அரசு அவருக்கு 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ச்சுனா விருதளித்தது. மாலைகள் குவிந்தன, நாளிதழ்கள் படம் வெளியிட்டன. பின்னர் நிகழ்ந்தது யாது? வெளிநாட்டுப் பயணம், பயிற்சி, துணைப்படகு எனச் செலவு மிகுந்த இத்துறையில் தொடர்ந்து பொருளுதவி கிட்டாமையால், இருபது வயதை எட்டுமுன்னரே அவர் போட்டி நீச்சலை விட்டகன்றார். பொறியியல் கற்றார், மேற்கல்விக்கு அமெரிக்கா சென்றார். கல்வியால் உயர்ந்த அவரை நாம் பாராட்டுவோம். ஆயினும் பன்னிரண்டு வயதில் ஆறு நீர்ப்பரப்புகளை வென்றவர் இருபத்தைந்து வயதில் எதை வென்றிருப்பார் என்னும் வினா நம் முன் நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர் அவரல்லர். வெற்றி நாளில் மாலை சூட்டி, மறுநாள் மறந்துவிட்ட நாமே.

மாணவ நண்பர்களே! அனைவரும் கால்வாயைக் கடக்க வேண்டுவதில்லை. ஆனால் அனைவரும் நீந்த அறிதல் வேண்டும். நீச்சல் அறியாத பிள்ளைகள் விடுமுறை நாளில் குளத்திலும் கல்குட்டையிலும் ஏரியிலும் இறங்கி உயிரிழக்கும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கின்றோம். கிணறுகள் தூர்ந்தன, சுரைக்குடுக்கையும் மறைந்தது, அவற்றுக்கு ஈடாக நாம் எதனையும் கற்பிக்கவில்லை. மாணவியர்க்கோ அன்று கிணற்றடிப் பயிற்சியும் எளிதில் வாய்க்கவில்லை.

ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். தேர்ந்த பயிற்றுநர் துணையுடன் நம் பிள்ளைகள் யாவர்க்கும் நீச்சலைக் கற்பிக்க வழிகாணுதல் முதலாவது. அவருள் ஒருவரிடம் அருந்திறன் தோன்றுமாயின், அவர் பரிசு பெறும் நாளில் மட்டுமன்றி, தோற்கும் நாளிலும் பொருளும் துணையும் தந்து நிற்றல் இரண்டாவது. ஈரோட்டில் பிறந்த ஒரு சிறுவர் உலகக் கடல்களை அளந்தார். சமுத்திரம் என்று ஏரிக்குப் பெயரிட்ட ஊரிலும் அத்தகையோர் இருத்தல் கூடும். அவரைக் கண்டறிதலும் கைவிடாது காத்தலும் நம் பொறுப்பாகும்.