படங்களைக் கூர்மையாக்குதலும் பொய் வளையமும்

பயிர் நோய்களைப் படமெடுத்து நிபுணர்களுக்கு அனுப்பும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. மேகமூட்டமான வேளையில் எடுத்த படங்களில் இலையும் நோய்க்குறியும் வேறுபாடின்றி மங்கித் தோன்றுவதுண்டு. அத்தகைய படத்தைக் கணினியிலுள்ள கூர்மையாக்கும் வடிப்பானால் தெளிவுபடுத்தலாம். ஆயினும் அது வேலை செய்யும் விதத்தை அறிந்தே அதனைக் கையாளுதல் வேண்டும்.

டிஜிட்டல் படம் பிக்சல் எனப்படும் நுண்கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு பிக்சலின் ஒளியும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாற் குறிக்கப்படும். 0 கருமை, 255 வெண்மை. ஒரு வரிசையில் 100, 100, 100, 150, 150, 150 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாக, அதனையும் இருபுறத்து எண்களையும் கூட்டிய சராசரியை எழுதினால், நடுவிலுள்ள இரண்டும் 117, 133 என மாறும், விளிம்பு மங்கும். மூல எண்களிலிருந்து இம்மங்கற் பிரதியைக் கழித்தால் அவ்விரண்டிடங்களில் −17, +17 எஞ்சும். இம்மிச்சத்தை மூலத்தோடு கூட்ட, வரிசை 100, 100, 83, 167, 150, 150 என்றாகிறது. விளிம்பின் ஒளி வேற்றுமை 50இலிருந்து 84 ஆக உயர்ந்துவிட்டது. இக்கணக்கை மாணவர்கள் கரும்பலகையிலேயே செய்து பார்க்கலாம்.

இம்முறைக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’, அதாவது மங்கலான மறைப்பு, என்று பெயர். இது இருட்டறையில் பிறந்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக எடுத்த பாசிட்டிவை அதன்மேல் பொருத்தி அச்சிடுவர். வானியற் படக்கலைஞர் டேவிட் மாலின் 1970களில் ஆஸ்திரேலியாவில் இம்முறையைக் கையாண்டு, ஒளிமிக்க வான்பொருள்களில் மறைந்திருந்த நுண்ணமைப்புக்களை வெளிக்கொணர்ந்தார்.

வடிப்பானில் மூன்று அளவுகளைக் காணலாம். ஆரம் என்பது மங்கலாக்கும் பரப்பு. வலிமை என்பது மிச்சத்தைக் கூட்டும் அளவு. வாசல் என்பது மிகச் சிறு வேறுபாடுகளைத் தொடாது விடும் எல்லை. ஆரம் 1 பிக்சல் அளவில் இருந்தால் விளிம்புகள் கூர்மையுறும். ஆரத்தை 50 பிக்சலாக உயர்த்தி, வலிமையைச் சுமார் 20 சதவீதத்தில் வைத்தால், மங்கிய பகுதிகளின் ஒளி வேற்றுமை எடுத்துக் காட்டப்படும்.

இனி, இதிலுள்ள அபாயத்தைக் கூறுவோம். மேற்கண்ட கணக்கில் 83, 167 என்னும் எண்கள் மூலப்படத்தில் இல்லாதவை. வலிமை மிகுந்தால், கரிய புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். நிலக்கடலையின் முன்பருவ இலைப்புள்ளி நோயில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் பெரும்பாலும் காணப்படும்; பின்பருவ நோயில் அது தெளிவாக இராது. ஆகவே வடிப்பான் உண்டாக்கிய வளையம் நோயைப் பிரித்தறிவதில் தவறு நேரச் செய்யலாம். தூளாகத் தெரியும் ஒளிக்கறைகளும் பூஞ்சண வித்துக்கள்போல் மயக்கக்கூடும்.

எனவே மூலப்படத்தை ஒருபோதும் அழிக்கலாகாது. திருத்தம் பிரதியிலேயே நிகழ வேண்டும். படத்தை முழு அளவில் வைத்து விளிம்புகளைச் சோதித்து, வளையம் தென்பட்டால் வலிமையைக் குறைக்க வேண்டும். நிபுணருக்கு மூலத்தையும் திருத்தியதையும் சேர்த்தே அனுப்புக. குவியம் தவறிய படத்தில் பதியாத விவரத்தை எவ்வடிப்பானும் தராது. இலை கையில் இருக்கும்போதே மறுமுறை படமெடுத்தலே தக்க வழியாகும்.