திருவனந்தபுரம் பார்க்கப் போன நாள்

எங்கள் ஊரான வெள்ளறடையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரை வழியாகவும் போகலாம், காட்டாக்கடை வழியாகவும் போகலாம். மனு கொடுக்க, வழக்குக்கு, மெடிக்கல் காலேஜுக்கு என்று எங்கள் ஊர்க்காரர்கள் தலைநகருக்குப் போவது பழைய வழக்கம். எந்தக் காரியமும் இல்லாமல், குடும்பத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு வர மட்டும் போவது வெகு பிந்தித்தான் வந்தது. அதற்குப் பணம் மட்டும் காரணமல்ல.

தலைநகருக்குத் தெற்கே வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-ல் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டம். சாலையே சாதி பார்த்த காலம் அது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை, பத்மநாபசுவாமி கோயில் எங்கள் பக்கத்துப் பெரும்பாலான குடும்பங்களுக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடம். 1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓடத் தொடங்கியது. ஊர் சுற்றிப் பார்க்கும் உரிமைக்கு இத்தனை பேர் வழி வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் பஸ் ஏற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நேப்பியர் மியூசியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், வெள்ளயம்பலத்தில், அய்யன்காளியின் சிலை நிற்கிறது.

மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையிலுள்ள பனச்சமூட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் அருமனையில் தங்கை என்று குடும்பங்கள் இரண்டு மாநிலங்களில் ஆயின. ஆனாலும் பள்ளி விடுமுறைக்கு அந்தத் தங்கையும் பிள்ளைகளும் வந்தால் கூட்டிப்போவது திருவனந்தபுரத்துக்குத்தான். அவர்களுடைய தலைநகரான சென்னைக்குப் போக ஒரு ராத்திரி வேண்டும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருவனந்தபுரம் பார்க்கும் அந்த ஒரு நாள் அதிகாலை பஸ்ஸில் தொடங்கும். வாட்டிய வாழையிலையில் சோறும் துவையலும் பொரித்த மீனும் பொதிந்த பொதிகள் அம்மாக்களின் மடியில் இருக்கும். 1979-ல் நாகர்கோவில் ரயில் பாதை திறந்த பிறகு, பாறசாலைக்குப் போய் ரயில் ஏறுவதும் ஒரு காட்சியாகச் சேர்ந்துகொண்டது. முதலில் மிருகக்காட்சிசாலை. 1859-லிருந்து இருக்கும் இடம். ‘லைஃப் ஆஃப் பை’ எழுதுவதற்காக யான் மார்ட்டெல் வந்து பார்த்ததும் இதைத்தான். அன்று புலி கம்பிக்கூண்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும். பாட்டா ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, “மக்களே, நல்லா பாத்துக்கோ” என்பார். பிறகு நேப்பியர் மியூசியம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய சிஸம் வரைந்த கட்டடம், 1880-ல் முடிந்தது. மின்விசிறி இல்லாமலே உள்ளே குளிர்ந்திருக்கும். அடுத்தது 1935-ல் திறந்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம். அங்கே ரவிவர்மாவின் ‘அன்னமும் தமயந்தியும்’ ஓவியத்தின் முன்னால், வீட்டில் காலண்டர் படம் மட்டுமே பார்த்திருந்த பெண்கள் வெகுநேரம் நிற்பார்கள்.

மரத்தடியில் பொதி பிரித்துச் சாப்பாடு. சாலை என்னும் கடைத்தெருவில் கொஞ்சம் சாமான். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெரு அது. ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில் வரும் கெத்தேல் சாகிபின் சோற்றுக்கடையும் அங்கேதான். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. கானாயி குஞ்ஞிராமனின் கடற்கன்னி சிலை வருவதற்கு முன்பும் அங்கே பார்க்கப் போதுமானது இருந்தது: அகன்ற மணல், வேர்க்கடலை, கடலை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு குழந்தை. ஓணக் காலமானால் அரசுக் கட்டடங்களின் விளக்கலங்காரம் பார்த்து, கடைசி பஸ்ஸில் நெரிந்துகொண்டு திரும்புவோம். கழிப்பறை இல்லாமல் பெண்கள் பட்ட பாட்டையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிக்கவில்லை.

இன்று வீட்டு வாசலிலேயே காரோ வாடகை வேனோ வந்து நிற்கிறது. புலிகள் அகழி சூழ்ந்த திறந்தவெளியில் இருக்கின்றன; இது பெரிய முன்னேற்றம். ரவிவர்மாவுக்கென்று 2023-ல் மியூசிய வளாகத்திலேயே தனிக்கூடம் திறந்திருக்கிறார்கள். மாடி திறந்த டபுள் டெக்கர் பஸ்ஸில் கே.எஸ்.ஆர்.டி.சி. நகரைச் சுற்றிக் காட்டுகிறது. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் மாபெரும் கப்பல்களைப் பிள்ளைகள் கரையிலிருந்தே சுட்டிக் காட்டுகிறார்கள்.

ஆனால் சங்குமுகம் அந்தச் சங்குமுகம் இல்லை. 2017-ல் ஒக்கி புயலுக்குப் பிறகு மணல் ஆண்டுக்காண்டு குறைந்தது. 2021 மே மாதக் கடல்சீற்றத்தில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையே இடிந்து விழுந்தது. நிலத்தடியில் சுவர் எழுப்பித்தான் மீண்டும் போட்டார்கள். நாம் இழந்தது ஒரு மாலைப்பொழுது. பக்கத்து வலியதுறையில் மீனவர்கள் வீடுகளையே இழந்தார்கள்.

2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்தபின் பல குடும்பங்களின் தலைநகர் நாள் முழுவதும் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெயிலில்லை, மழையில்லை, கழிப்பறை சுத்தம், வயதானவர்களுக்கு நகரும் படி. இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் பார்ப்பது எந்த நகரத்திலும் கிடைக்கிற கடைகளை. திருவனந்தபுரத்தில் மட்டும் இருப்பதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். இது நஷ்டம் என்றே நான் சொல்வேன்.

மாலுக்குப் போங்கள், மாலையில் போங்கள். காலையை மியூசிய வளாகத்துக்குக் கொடுங்கள். பாட்டாவையும் பாட்டியையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். அந்த மரங்களை உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறை.