அடையாற்றில் இன்றும் துடுப்புச் சத்தம்! 1867-ல் பிறந்த 'போட் கிளப்'

சென்னை: "போட் கிளப் ரோடு" என்றால் பெரிய பங்களாக்கள் உள்ள ரோடு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான 'போட்' எங்கே என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

ஆற்றில்தான் இருக்கிறது! கோட்டூர்புரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் 'மெட்ராஸ் போட் கிளப்' 1867-ல் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த சங்கம். அவர்கள் போய்விட்டார்கள், படகு நிற்கவில்லை.

முதுகுப் பக்கம் பயணம்

மீன்பிடிப் படகு மாதிரி இல்லை இது. ஊசி போல் இருக்கும். ஒருவர் ஓட்டும் படகின் நீளம் சுமார் 27 அடி. அகலமோ ஒரு அடிக்கும் குறைவு! எடை சுமார் 14 கிலோதான். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆள் தண்ணீரில்!

துடுப்பு வலிப்பவர் போகிற திசையைப் பார்க்க முடியாது. முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பெரிய படகில் வழி பார்த்துக் குரல் கொடுக்கத் தனி ஆள் உண்டு. கைதான் வேலை செய்கிறது என்று நினைத்தால் தப்பு. உட்காரும் பலகை சக்கரத்தில் நகரும். காலால் உதைத்துத்தான் வேகம்!

கொழும்போடு போட்டி

இலங்கையில் 'கொழும்பு ரோயிங் கிளப்' 1864-ல் தொடங்கியது. இரண்டு கிளப்புகளுக்கும் முதல் பந்தயம் 1898-ல் நடந்தது. கிரிக்கெட்டில் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல்தான். அதற்கு 34 வருஷம் முந்தியது இந்தப் படகுப் போட்டி!

கால்வாய் போச்சு

ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயிலும் படகு ஓடியது. சவுக்கு விறகும் உப்பும் அதில்தான் பட்டணத்துக்கு வந்தன. இன்று அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் நிற்கின்றன. மேலே பறக்கும் ரெயில் போகிறது. கால்வாய் சாக்கடையாகிவிட்டது.

அடையாறுக்கும் அந்தக் கதி வரலாமா என்பதுதான் கேள்வி.

முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. சாக்கடை தேங்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆகாயத்தாமரை வந்தால் துடுப்பு சிக்கும். படகு கவிழ்ந்தால் விழுவதும் அந்தத் தண்ணீரில்தான்!

மழைக்காலத்தில் வேறு முகம். 2015 டிசம்பரில் இதே ஆறு கரையை மீறியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததை ஜனங்கள் மறக்கவில்லை.

யாருக்கு லாபம்?

"பணக்காரர் கிளப்புக்காக ஆற்றைச் சுத்தம் செய்யணுமா?" என்று கேட்கலாம். கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும்தான்; ஆறு அப்படி இல்லை. முகத்துவாரம் திறந்திருந்தால் ஊரூர் குப்பத்து மீனவருக்கு வலையில் மீன் விழும். தூர் வாரினால் கரையோரத்து ஏழை வீட்டுக்குள் வெள்ளம் வருவது குறையும்.

படகு போகிற அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா, அது சுத்தமாக இருக்கிறதா என்பதே ஆற்றுக்கு நல்ல பரீட்சை. அடுத்த முறை கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். படகு தெரிந்தால், ஆற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது!