மலாவி: உதவியால் மட்டும் தீராத பசி

புது தில்லி: தில்லியில் வணிகவியலும் பொருளாதாரமும் பயின்ற ஒருவர், பிற்காலத்தில் தம் நாட்டின் அதிபராகி, உதவி வழங்கும் நாடுகளின் அறிவுரையை மீறி உழவர்களுக்கு உர மானியம் அளித்தார். மலாவியின் மறைந்த அதிபர் பிங்கு வா முதாரிகாதான் அவர். உதவி பெறும் நிலையிலிருந்து உதவி வழங்கும் நிலைக்கு உயர்ந்துள்ள இந்தியா, அந்நாட்டின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்குவது அவசியம்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி 1964-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. கடற்கரை இல்லாத நாடு. மக்காச்சோளம் மக்களின் அன்றாட உணவு. அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதில் புகையிலைக்கே முதலிடம். உரமும் எரிபொருளும் மொசாம்பிக், தான்சானியா துறைமுகங்களில் இறங்கி, நெடுந்தொலைவு கடந்து வந்தாக வேண்டும். வழிச்செலவு உழவரின் தலையில்தான் விழுகிறது.

1980-களிலிருந்து உலக வங்கி, சர்வதேச நிதியம் ஆகியவற்றின் நிபந்தனைகளால் உர மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2002-ல் பஞ்சம் தாக்கியது. 2005-ல் விளைச்சல் சுமார் 12 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1.3 கோடி மக்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் உணவு உதவியை எதிர்நோக்கினர்.

அந்த ஆண்டில்தான் முதாரிகா, சிறு உழவர்களுக்குக் குறைந்த விலையில் உரமும் விதையும் பெறக் கூப்பன் வழங்கினார். மழையும் கைகொடுத்தது. 2007-ல் விளைச்சல் 30 லட்சம் டன்னைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளம் விற்கப்பட்டது. இக்கணக்கு மிகையானது என வல்லுநர்கள் சிலர் ஐயம் எழுப்பினாலும், பசி தணிந்ததை மறுப்பதற்கில்லை. முதலில் எதிர்த்த நாடுகளில் சில பின்னர் நிதியும் அளித்தன.

எனினும் அடித்தளம் உறுதியாக இல்லை. உரம் வாங்க டாலர் வேண்டும். டாலருக்குப் புகையிலையும் வெளிநாட்டு உதவியும் வேண்டும். முதாரிகாவின் ஆட்சி அடக்குமுறைப் பாதையில் சென்றது. 2011-ல் பிரிட்டிஷ் தூதர் வெளியேற்றப்பட்டார். பிரிட்டன் நிதியுதவியை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் நடந்த போராட்டங்களில் பலர் உயிரிழந்தனர். 2012-ல் முதாரிகா காலமானார். 2013-ல் அரசுக் கருவூலத்தில் பெரும் மோசடி அம்பலமானதும், பட்ஜெட்டுக்கு நேரடியாக வந்த உதவி முடக்கப்பட்டது. திருடியவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள், தண்டனையோ ஏழைகளுக்கு.

2024-ல் வறட்சியால் 28 மாவட்டங்களில் 23 பேரிடர் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2025-ல் அமெரிக்கா தனது வெளிநாட்டு வளர்ச்சி உதவி முகமையை மூடியது. மலாவியின் எச்ஐவி சிகிச்சை உள்ளிட்ட சுகாதாரப் பணிகள் அமெரிக்க உதவியைப் பெரிதும் நம்பியிருந்தவை. அதே ஆண்டுத் தேர்தலில் வென்று மீண்டும் அதிபரான பீட்டர் முதாரிகா, பிங்குவின் தம்பி. அண்ணன் எதிர்கொண்ட டாலர் பற்றாக்குறையே அவர் முன்னும் நிற்கிறது.

2024 அக்டோபரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மலாவி சென்றபோது, இந்தியாவின் சார்பில் 1,000 டன் அரிசி வழங்கப்பட்டது. பஞ்ச காலத்தில் அது பேருதவி. ஆனால் 1960-களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களுக்காகக் காத்திருந்த இந்தியாவுக்கு, அந்தக் காத்திருப்பின் அவமானம் தெரியும். அதை மாற்றியது தானமாக வந்த தானியம் அன்று. உயர்விளைச்சல் விதை, பாசனம், உரம், கொள்முதல் விலை ஆகியவற்றில் நாடே எடுத்த முடிவுகள். மலாவிக்கு அரிசி மூட்டையோடு, அத்தகைய முடிவுகளைத் தானே எடுத்து நிறைவேற்றும் வலிமையும் வாய்க்க உதவுவதே உண்மையான நட்பு.