சபைக்குள் பிறந்த கட்சிகள்

தேர்தலில் வென்றுவிட்டோம், சபைக்குள் சென்றுவிட்டோம், இனிக் கிளை எதற்கு, ஊர்க் கூட்டம் எதற்கு என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல ஒரு நாடு இருக்கிறது. போலந்து!

1980 ஆகஸ்டு மாதம் கிடான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. மின்சாரத் தொழிலாளி லெக் வலேசா தலைமை ஏற்றார். 'சாலிடாரிட்டி' எனும் தொழிற்சங்கம் பிறந்தது. ஒற்றுமை என்று பொருள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. தலைவர்கள் சிறை புகுந்தனர். சங்கம் சாகவில்லை.

1989 ஜூனில் தேர்தல். கீழ்சபையின் 460 இடங்களில் 161 மட்டுமே எதிர்த்தரப்புக்குத் திறந்துவிடப்பட்டன. அத்தனையும் ஒற்றுமைக்கே! மேல்சபையின் 100 இடங்களில் 99! சங்கத்தின் தோழர் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். சபையில் அனைவரும் ஒரே அணியாக அமர்ந்தனர்.

அந்த அணி எத்தனை நாள் நிலைத்தது? மறு ஆண்டே, ஜனாதிபதித் தேர்தலில் வலேசாவும் மசோவியெட்ஸ்கியும் எதிரெதிரே நின்றனர்.

காரணம் என்ன? எதிரி ஒருவனாக இருந்தவரை கருத்தும் ஒன்றாக இருந்தது. எதிரி வீழ்ந்ததும் புதுக் கேள்விகள் எழுந்தன. ஆலைகளை விற்பதா? விலைவாசியை அவிழ்த்துவிடுவதா? தொழிலாளியின் கூலி என்னாவது? இவற்றுக்கு ஒற்றுமையிடம் ஒரே விடை இல்லை. விடைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கட்சி! அந்தக் கட்சிகள் பிறந்தது சபையின் தாழ்வாரத்தில். ஆலை வாசலில் அல்ல.

1991 தேர்தலில் 29 கட்சிகளும் குழுக்களும் கீழ்சபையில் நுழைந்தன. முதலிடம் பெற்ற கட்சிக்கே 62 இடங்கள்தாம். பீர் பிரியர் கட்சி என்று ஒன்று; அதற்கு 16! அதுவும் பிறகு பெரிய பீர், சிறிய பீர் என்று இரண்டானது. சிரிக்கத் தோன்றும், தோழர்களே! ஆனால் அடுத்து நடந்தது சிரிப்புக்குரியதல்ல.

1993 மே மாதம் பிரதமர் சுகோட்ஸ்காவின் ஆட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அது ஒற்றுமை வழிவந்த ஆட்சி. தீர்மானம் கொண்டுவந்தவர்கள் ஒற்றுமைச் சங்க உறுப்பினர்கள். சபையைக் கலைத்த ஜனாதிபதி வலேசா!

அதற்குள் புதுச் சட்டம் வந்திருந்தது. நூற்றுக்கு 5 வாக்குப் பெறாத கட்சிக்குச் சபையில் இடமில்லை. கூட்டணிக்கு 8 வேண்டும். செப்டம்பர் தேர்தலில் ஒற்றுமைச் சங்கம் பெற்றது 4.9. வாசலோடு நின்றது! வாக்காளரில் மூவரில் ஒருவரின் வாக்கு வீணாயிற்று.

வென்றவர் யார்? பழைய ஆளுங்கட்சியின் வாரிசுகளுக்கு 171 இடம், விவசாயிகள் கட்சிக்கு 132. இருவரும் சேர்ந்து பெற்ற வாக்கு நூற்றுக்கு 36தான். மக்கள் பழைய ஆட்சிக்கு ஏங்கினர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு ஊர்தோறும் கிளை இருந்தது, அங்கத்தினர் இருந்தனர், சிதறாமல் நின்றனர்.

சட்டம் சிதறலைக் குறைத்தது என்பர். உண்மைதான். ஆனால் கட்சியை வளர்த்ததா? 1997இல் ஒற்றுமையினர் அவசரக் கூட்டணி அமைத்து 201 இடங்கள் வென்றனர். 2001இல் அதே கூட்டணி 8 சதவீதம் எட்டாமல் வெளியேறியது. தேர்தலுக்காகச் சேர்ந்தவர்கள் தேர்தலோடு கலைந்தார்கள்.

தோழர்களே! ஒரு கோடிப் பேர் கட்டிய இயக்கத்துக்கு வந்த கதி இது. சபையில் பேசும் உறுப்பினர் தம் கிளைக்கு வந்து கணக்குச் சொல்லட்டும். கூலி, விலை, வேலை பற்றிய கொள்கையைக் கிளையில் விவாதித்து முடிவெடுப்போம்; சபைத் தாழ்வாரத்துக்கு விட்டுவைக்க வேண்டாம். மாதக் கூட்டத்தைத் தவறவிடாதீர். பதவி வரும், போகும். கிளை இருந்தால் கட்சி இருக்கும்!